கையெழுத்துப் போட்டவருக்கு வெறுப்பில்லை என்றாலும் வழக்கு நிற்கும்: படைப் பணியால் வேலை இழந்தவர்களுக்கான வழிகாட்டி

"நீங்கள் மாதாமாதம் படைப் பயிற்சி டிரில்லுக்குப் போவது எங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது" என்று வேலைநீக்கக் கடிதத்தில் எந்த நிறுவனமும் எழுதாது. இருக்கையில் இல்லை, குழுவோடு ஒத்துப்போகவில்லை, துறையை மாற்றியமைக்கிறோம் என்றுதான் எழுதுவார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட எச்.ஆர். அதிகாரி உங்களோடு பேசிப் பழகியவராகக்கூட இருக்க மாட்டார். அவருக்கு ராணுவத்தின் மேல் எந்தக் கசப்பும் இருந்ததாக உங்களாலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ரிசர்வ் படையிலோ நேஷனல் கார்டிலோ (பயிற்சிக்கும் அழைப்பு வரும்போதும் மட்டும் போகும் பகுதிநேரப் படைகள்) இருந்தபடி வேலை பார்ப்பவர்கள் பலர் தங்கள் வழக்கை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடத் தேவையில்லை. 2011 மார்ச் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டௌப் எதிர் பிராக்டர் மருத்துவமனை வழக்கில் சொன்ன தீர்ப்பு, முடிவெடுத்தவரைத் தாண்டிப் பின்னால் போய், அந்த முடிவுக்கு விதை போட்டவர் யார் என்று கேட்க வழி செய்திருக்கிறது.

அந்தக் கேள்வியைத் தாளில் எப்படி நிரூபிப்பது, எந்த அலுவலகத்துக்குப் போவது, எங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம். அடிப்படைச் சட்டம், 1994இல் வந்த சீருடைப் பணியாளர் வேலை மற்றும் மறுபணியமர்த்தல் உரிமைச் சட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'யூசெரா' என்று சொல்வார்கள்.

ஸ்டௌப் வழக்கில் நடந்தது

இல்லினாய் மாநிலம் பியோரியாவில் இருந்த அந்த மருத்துவமனையில் வின்சென்ட் ஸ்டௌப் ஆஞ்சியோகிராபி டெக்னீஷியன். ராணுவ ரிசர்வில் இருந்ததால் மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரங்களும் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய நேரடி மேற்பார்வையாளருக்கும் அவருக்கு மேலே இருந்தவருக்கும் இது பிடிக்கவில்லை. ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் கூடுதல் ஷிஃப்ட் போட்டுவிட்டு, இவருக்காக மற்றவர்கள் பட்ட சிரமத்துக்கு இது ஈடு என்று சொன்னார். இன்னொருவர் ரிசர்வ் பணியே வரிப்பணத்துக்கு நட்டம் என்று பேசினார். 2004 ஜனவரியில், நோயாளி இல்லாத நேரத்தில் பணியிடத்தை விட்டுப் போனதாக ஸ்டௌபுக்கு எழுத்து எச்சரிக்கை வந்தது. அப்படி ஒரு விதியே கிடையாது, இருந்தாலும் மீறவில்லை என்பது அவர் வாதம். ஏப்ரலில், சொல்லாமல் இடத்தை விட்டுப் போனார் என்று மேற்பார்வையாளர் எச்.ஆர். துணைத் தலைவரிடம் மறுபடி புகார் சொன்னார். குரலஞ்சல் விட்டுத்தான் போனேன் என்றார் ஸ்டௌப். துணைத் தலைவர் புகாரைக் கேட்டு, கோப்பைப் புரட்டி, வேலையை விட்டு நீக்கினார். எச்சரிக்கையே ஜோடித்தது என்று ஸ்டௌப் முறையிட்டபோது, எச்சரிக்கை எழுதியவரிடம் அவர் விசாரிக்கவில்லை.

ஜூரி 57,640 டாலர் இழப்பீடு தந்தது. ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. முடிவெடுத்தவர் மேற்பார்வையாளர் சொன்னதை மட்டுமே நம்பி நடக்கவில்லை, தானும் கோப்பைப் பார்த்தார், ஆகவே நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் இதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. நீதிபதி ககன் வழக்கில் பங்கேற்கவில்லை.

தீர்ப்பின் சாரத்தை மூன்று கேள்விகளாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வழக்கு முழுவதும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கப்போகிறது. படைப் பணி மீதான வெறுப்பால் ஒரு மேற்பார்வையாளர் ஏதாவது செய்தாரா? உங்களுக்கு வேலைநீக்கம் போன்ற பாதிப்பு வரவேண்டும் என்ற நோக்கத்தோடு செய்தாரா? அந்தச் செயல் கடைசி முடிவுக்கு நேரடியாக இட்டுச்சென்ற காரணங்களில் ஒன்றா? மூன்றுக்கும் ஆம் என்றால், கடைசிக் கையெழுத்து யாருடையது என்பது நிறுவனத்தைக் காப்பாற்றாது.

"நாங்கள் தனியாக விசாரித்தோம்" என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்த ஒன்றே போதாது என்கிறது தீர்ப்பு. மேற்பார்வையாளர் செய்ததற்குத் துளியும் தொடர்பில்லாத வேறொரு காரணத்தை விசாரணை கண்டுபிடித்து, அதற்காகவே நீக்கியிருந்தால் நிறுவனம் தப்பும். விசாரித்தவர் அதே மேற்பார்வையாளரின் எச்சரிக்கைக் கடிதத்தைச் சரிபார்க்காமல் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தால் தப்பாது. ஆகவே உங்கள் முதல் வேலை, விசாரணையில் எந்தத் தாள்கள் மேசையில் இருந்தன என்று கண்டுபிடிப்பது.

தீர்ப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. வெறுப்பு மேற்பார்வையாளரிடம் இல்லாமல் சக ஊழியரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்காமல் விட்டுவிட்டது. சக ஊழியரின் புகாரை வைத்து உங்களை நீக்கியிருந்தால், அந்தப் புகாரை மேலே கொண்டுபோன மேற்பார்வையாளர் யார், அவர் அதோடு என்ன சேர்த்துச் சொன்னார் என்று தேடுங்கள்.

முதலில், சட்டம் உங்களுக்குப் பொருந்துகிறதா

பெரும்பாலும் பொருந்தும். நிறுவனத்தில் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் யூசெரா செல்லும். தனியார், மாநில அரசு, மத்திய அரசு எல்லாம் இதற்குள் வரும். குடியுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. கிரீன் கார்டோடு படையில் சேர்ந்தவருக்கும் அதே உரிமைதான். தேவையான மொழிகள் தெரிந்தவர்களை ராணுவம் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியில் போனவர்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

பொருந்தாத இடங்கள் சில. நீங்கள் ஊழியர் அல்ல, 1099 படிவத்தில் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரர் என்றால் சட்டம் உதவாது. ஆனால் பெயரளவில் ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டு வேலை நேரம், முறை, கருவி எல்லாவற்றையும் நிறுவனமே தீர்மானித்தால் அதைக் கேள்வி கேட்கலாம். படையிலிருந்து கண்ணியமற்ற முறையில் வெளியேற்றப்பட்டவர்கள் உரிமையை இழக்கிறார்கள். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிடி 214 படிவத்தில் விடுவிப்பின் தன்மை என்ன என்று எழுதியிருக்கும் கட்டத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள்.

வேலையிலிருந்து நீக்கியதற்கு மட்டும்தான் சட்டம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கே எடுக்காமல் விட்டது, பதவி உயர்வு மறுத்தது, போனஸ் கொடுக்காதது, நல்ல ஷிஃப்டிலிருந்து மாற்றியது எல்லாம் யூசெராவின் 4311ஆம் பிரிவில் அடங்கும். நேர்காணலில் "படையில் மறுபடி எப்போது அழைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பதிலே வரவில்லை என்றால், அந்தக் கேள்வியை அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். உங்களுக்காகச் சாட்சி சொன்ன சக ஊழியரைப் பழிவாங்குவதும் அதே பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அவர் படையில் இருந்திருக்க வேண்டியதே இல்லை. சாட்சி சொல்லத் தயங்குபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு உரிமைகளைக் கலந்துவிடாதீர்கள்

மறுபணியமர்த்தல் வேறு, பாகுபாடு வேறு. முதலாவதில் நிறுவனத்தின் நோக்கத்தை நீங்கள் நிரூபிக்கவே வேண்டாம். நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால் வேலை உங்களுக்குத் திரும்பக் கிடைத்தாக வேண்டும். அதுவும் விட்டுப்போன நாற்காலி அல்ல, தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் எந்தப் பதவியில், எந்தச் சம்பளத்தில் இருந்திருப்பீர்களோ அந்த இடம். இரண்டாவதில் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். முதலாவது உரிமை இருக்கும்போது இரண்டாவதை மட்டும் எழுதிப் புகார் கொடுத்தால் எளிதான வழக்கை நீங்களே கடினமாக்கிக்கொள்கிறீர்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

மறுபணியமர்த்தலுக்கான நிபந்தனைகளில் பலர் தவறவிடுவது காலக்கெடு. 30 நாள்கள் வரையான பணி என்றால், பாதுகாப்பாக வீடு திரும்பி 8 மணி நேர ஓய்வுக்குப் பிறகு வரும் அடுத்த முறையான வேலைநாளில் ஆஜராக வேண்டும். 31 முதல் 180 நாள்கள் என்றால், பணி முடிந்து 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாள்களுக்கு மேல் என்றால் 90 நாள்கள். பணியில் ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ சிகிச்சையில் இருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். கெடு தாண்டினால் உரிமை உடனே போய்விடாது. அனுமதியில்லாமல் வராத ஊழியருக்கு நிறுவனத்தில் வழக்கமாக என்ன நடவடிக்கையோ அதற்கு நீங்கள் உட்பட வேண்டிவரும். விண்ணப்பத்துக்குத் தனிப் படிவம் கிடையாது. "படைப் பணி முடித்துவிட்டேன், வேலைக்குத் திரும்புகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். வாயால் சொல்வதும் செல்லும், ஆனால் நாளைக்கு எதைக் காட்டுவீர்கள்?

ஒரே நிறுவனத்தில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை படைப் பணிக்காக விலகியிருக்கலாம். வழக்கமான மாதாந்தர டிரில், ஆண்டுப் பயிற்சி, கட்டாய அழைப்பு ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. "உங்கள் ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது" என்று எச்.ஆர். சொன்னால் எந்தெந்த நாள்களைக் கூட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டிரில் நாள்களையும் சேர்த்துக் கூட்டியிருப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

பலருக்குத் தெரியாத பாதுகாப்பு ஒன்று 4316ஆம் பிரிவில் இருக்கிறது. 180 நாள்களுக்கு மேல் பணியாற்றித் திரும்பியவரை ஓராண்டுக்கும், 31 முதல் 180 நாள்கள் வரை பணியாற்றியவரை 180 நாள்களுக்கும் தக்க காரணமில்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தது என்று காட்டும் சுமை நிறுவனத்துடையது. விருப்பம்போல் நீக்கலாம் என்ற வேலை ஒப்பந்தம் இந்தக் காலத்தில் எடுபடாது. நீக்கிய தேதியையும் வேலைக்குத் திரும்பிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்தக் காலத்துக்குள் விழுந்தால் அதுதான் உங்கள் புகாரின் முதல் பத்தி.

பின்னோக்கி நடப்பது

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வேலைநீக்கக் கடிதத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். கடிதம் சொல்லும் காரணம் என்ன? அந்தக் காரணத்துக்கு அடிப்படையான தாள் எது? அந்தத் தாளை எழுதியவர் யார்? அவர் எழுதிய வாரத்தில் உங்கள் படைப் பணி சம்பந்தமாக என்ன நடந்தது?

ஒரு எக்ஸெல் தாளில் ஐந்து பத்திகள் (காலம்கள்) போடுங்கள்: தேதி, என்ன நடந்தது, செய்தவர், அதைக் காட்டும் ஆதாரம், அன்றைக்கு முன்னும் பின்னும் வந்த படைப் பணித் தேதி. கடைசிப் பத்திதான் மிக முக்கியம். எச்சரிக்கைக் கடிதம் ஒவ்வொன்றும் டிரில் முடிந்து திரும்பிய வாரத்திலோ, படை அழைப்பு ஆர்டரை நிறுவனத்திடம் கொடுத்த வாரத்திலோ வந்திருக்கிறது என்பது இந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் கண்ணில் படும். அப்படி எந்த ஒட்டுதலும் தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் வையுங்கள். வழக்கறிஞருக்கு உண்மையான தாள்தான் வேண்டும்.

மேற்பார்வையாளர் தன் வாயாலேயே வெறுப்பைச் சொல்லியிருந்தால் அது பெரிய பலம், ஆனால் எல்லா வழக்கிலும் அது கிடைக்காது. 2001இல் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் ஷீஹான் வழக்கில், சுற்றுச் சான்றுகளிலிருந்தும் நோக்கத்தை ஊகிக்கலாம் என்று சொல்லி நான்கு தடயங்களைக் காட்டியது. படைப் பணிக்கும் நடவடிக்கைக்கும் இடையே கால நெருக்கம், நிறுவனம் சொல்லும் காரணத்துக்கும் அதன் மற்றச் செயல்களுக்கும் இடையே முரண், படைப் பணி தெரிந்த நிலையில் வெளிப்பட்ட பகை, அதே தவறைச் செய்த மற்றவர்களை வேறு விதமாக நடத்தியது. கடைசித் தடயம் ஜூரியிடம் நன்றாக எடுபடும். உங்களைப் போலவே தாமதமாக வந்த, ஆனால் படையில் இல்லாத ஒருவர் ஒரு வாய்மொழி எச்சரிக்கையோடு தப்பியிருந்தால், அவர் பெயர், அவருடைய மேற்பார்வையாளர், ஏறத்தாழ எந்த மாதம் என்று குறித்து வையுங்கள். வேறு துறையில், வேறு மேற்பார்வையாளரின் கீழ் இருந்தவரோடு ஒப்பிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எளிதில் உடைத்துவிடுவார்.

காரணம் மாறுவதும் கவனிக்க வேண்டிய தடயம். நீக்கிய அன்று வாயால் சொன்னது, கடிதத்தில் எழுதியது, வேலையின்மை உதவித்தொகை அலுவலகத்துக்கு நிறுவனம் கொடுத்த பதில், தொழிலாளர் துறை விசாரணையில் சொன்னது ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள். வேலையின்மை உதவித்தொகைக் கோப்பை மாநில அலுவலகத்திலிருந்து நீங்கள் வாங்கலாம். அங்கே வழக்கறிஞர் பார்க்காத, அவசரத்தில் எழுதிய காரணம் இருப்பதுண்டு.

சட்டத்தில் நிரூபிக்கும் சுமை இரண்டு கட்டமாகப் பிரிகிறது. படைப் பணி அந்த முடிவுக்குத் தூண்டுகோலான காரணங்களில் ஒன்று என்று நீங்கள் காட்டினால் போதும், ஒரே காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, படைப் பணியே இல்லாவிட்டாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். ஆகவே உங்கள் பக்கம் ஓரிரு உண்மையான குறைகள் இருப்பதால் வழக்கு செத்துவிடாது. தாமதமாக வந்திருந்தால் வந்தேன் என்று ஒப்புக்கொண்டு, அதே அளவு தாமதத்துக்கு மற்றவர்களுக்கு என்ன தண்டனை என்று கேளுங்கள்.

ஆதாரம் சேர்க்கும்போது கெட்டுப்போகும் இடங்கள்

வேலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை இது. டிரில் அட்டவணை வந்தவுடன் மின்னஞ்சலில் மேற்பார்வையாளருக்கும் எச்.ஆருக்கும் அனுப்புங்கள். படைப் பணிக்கு முன்னறிவிப்புத்தான் தேவை, நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. "அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதாமல் "இந்தத் தேதிகளில் பணிக்குச் செல்கிறேன்" என்று எழுதுங்கள். வருடாந்தர விடுப்பைக் கழித்துக்கொண்டு போகச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இல்லை. நீங்களாக விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். 30 நாள்களுக்கு மேற்பட்ட பணியிலிருந்து திரும்பும்போது ஆவணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அது கைக்கு வரத் தாமதமானால், அந்தக் காரணத்துக்காக வேலை தருவதைத் தள்ளிப்போட முடியாது.

எச்சரிக்கைக் கடிதம் தவறாக இருந்தால் அமைதியாக வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அன்றோ மறுநாளோ எழுத்தில் மறுப்புக் கொடுங்கள், அதைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். படைப் பணியால்தான் இப்படி நடத்தப்படுகிறேன் என்று நினைத்தால் அந்த வாக்கியம் மறுப்பில் இருக்கட்டும். இதன் பலன் ஸ்டௌப் தீர்ப்பிலேயே தெரிகிறது: எச்சரிக்கை ஜோடித்தது என்று அவர் சொன்ன பிறகும் அதைச் சரிபார்க்கவில்லை என்பதுதான் மருத்துவமனையின் "விசாரித்தோம்" என்ற வாதத்தைப் பலவீனமாக்கியது. மறுப்பே கொடுக்காதவருக்கு இந்த வாதம் கிடைக்காது.

உரையாடலைப் பதிவு செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். டெக்சஸ், நியூயார்க் போன்ற மாநிலங்களில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிபோர்னியா, வாஷிங்டன், ஃபுளோரிடா, பென்சில்வேனியா மாநிலங்களில் தனிப்பட்ட உரையாடலுக்கு எல்லோர் சம்மதமும் வேண்டும். அங்கே ரகசியமாகப் பதிவு செய்வது குற்றமாகும். அதைவிடப் பாதுகாப்பான வழி, பேசி முடித்ததும் "இன்று காலை நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று அவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. மறுத்துப் பதில் வராவிட்டால் அதுவே ஒரு ஆதாரம்.

நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை மொத்தமாக உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதை நிறுவனம் பின்னால் கண்டுபிடித்தால், இதற்காகவே நீக்கியிருப்போம் என்று வாதிட்டு இழப்பீட்டைக் குறைக்கப் பார்க்கும். உங்களுக்கு வந்த எச்சரிக்கை, மதிப்பீட்டு அறிக்கை, ஷிஃப்ட் பட்டியல், சம்பளச் சீட்டு, ஊழியர் கையேடு ஆகியவற்றை முறைப்படி நகல் வாங்கி வீட்டில் வையுங்கள். பணிக்கோப்பை நகல் கேட்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் நிறுவனம் 30 நாள்களுக்குள் தர வேண்டும், இல்லினாயில் பொதுவாக 7 வேலைநாள்கள்.

விலகல் தொகைக்கான ஒப்பந்தத்தை நீட்டினால் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். யூசெரா உரிமையைக் குறைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 4302ஆம் பிரிவு சொல்கிறது, உண்மைதான். ஆனாலும், தெரிந்தே பணம் வாங்கிக்கொண்டு வழக்கு உரிமையை விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தை ஆறாவது சர்க்யூட் 2010இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலைக்குச் சேரும்போது போட்ட தனியார் நடுவர் மன்ற ஒப்பந்தங்களையும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் செல்லும் என்றே சொல்லியிருக்கின்றன. அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் வழக்கு ஜூரி முன்னால் போகாமல் நடுவர் முன்னால் போகலாம். வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டிய செய்தி இது.

எந்தக் கதவைத் தட்டுவது

வேலை இன்னும் போகவில்லை, சிக்கல்தான் என்றால் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் ஈ.எஸ்.ஜி.ஆர். அமைப்பின் சமரச அலுவலரை அழைக்கலாம். இலவசம். நிறுவனத்தோடு பேசிச் சட்டத்தை எடுத்துச் சொல்வார். தெரியாமல் தவறு செய்யும் சிறு நிறுவனங்களிடம் இது நன்றாக வேலை செய்கிறது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது.

அடுத்தது தொழிலாளர் துறையில் முன்னாள் படையினர் வேலை விவகாரங்களைப் பார்க்கும் வெட்ஸ் பிரிவு. 1010 எண் படிவத்தில் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விசாரிக்க அவர்களுக்கு 90 நாள்கள், உங்கள் சம்மதத்தோடு நீட்டிக்கலாம். படிவத்தில் "பாகுபாடு" என்ற கட்டத்தை மட்டும் குறித்துவிட்டு விவரத்தை இரண்டு வரியில் முடிப்பது பெரிய பிழை. நீங்கள் தயாரித்த ஐந்து பத்தித் தாளை இணையுங்கள். ஸ்டௌப் தீர்ப்பின் மூன்று கேள்விகளுக்கும் பதில் எந்த வரிசையில் இருக்கிறது என்று சுட்டிக்காட்டுங்கள். யாரை விசாரிக்க வேண்டும் என்று பெயர்களைக் கொடுங்கள். இல்லாவிட்டால் விசாரணை அதிகாரி கையெழுத்துப் போட்டவரிடம் மட்டும் பேசி, அவரிடம் வெறுப்பு தெரியவில்லை என்று கோப்பை மூடிவிட வாய்ப்பிருக்கிறது.

வெட்ஸ் தீர்க்காவிட்டால் மேலே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தனியார், மாநில அரசு ஊழியர் கோப்பு நீதித் துறைக்கும், மத்திய அரசு ஊழியர் கோப்பு சிறப்பு வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் போகும். அவர்கள் எடுத்துக்கொண்டால் வழக்கை அரசே உங்களுக்காக நடத்தும்.

தனியார் நிறுவன ஊழியர் வெட்ஸ் வழியாகப் போகாமல் நேரே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. கவுண்டரில் தெரியாமல் பணம் கேட்டால் 4323ஆம் பிரிவின் எச் உட்பிரிவைக் காட்டுங்கள். ஆனால் வெட்ஸில் புகார் நிலுவையில் இருக்கும்போதே வழக்குப் போட்டால் தள்ளுபடி கேட்பார்கள். முதலில் அந்தக் கோப்பை எழுத்துப்பூர்வமாக முடித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியருக்கு நீதிமன்றம் அல்ல, தகுதி அமைப்புப் பாதுகாப்பு வாரியம். அங்கே ஜூரி இல்லை.

மாநில அரசு ஊழியர்கள் வெகுகாலம் ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள். தன் சம்மதம் இல்லாமல் தன்மீது வழக்குப் போட முடியாது என்று மாநிலங்கள் தப்பித்துவந்தன. 2022 ஜூன் 29 அன்று டோரஸ் எதிர் டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அந்தச் சுவரை உடைத்தது. ஈராக்கில் குப்பை எரிக்கும் குழிகளின் புகையால் நுரையீரல் கெட்டுத் திரும்பிய மாநிலக் காவலர் லீ ராய் டோரஸ், பழைய வேலையைச் செய்ய முடியாததால் மாற்று வேலை கேட்டிருந்தார். நாட்டின் படையைக் கட்டியெழுப்பும் அதிகாரத்தை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோதே மாநிலங்கள் இந்த விலக்கை விட்டுக்கொடுத்துவிட்டன என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. இத்தகைய வழக்கை மாநில நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். டோரஸுக்கு முந்தைய கட்டுரைகளையும் இணைய மன்றப் பதில்களையும் படித்துவிட்டு வழியில்லை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள், காவலர்கள், பல்கலைக்கழக ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் அனுப்புங்கள்.

உடல் பாதிப்போடு திரும்பியவர்கள்

டோரஸ் வழக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. படைப் பணியில் ஏற்பட்ட அல்லது மோசமாகிவிட்ட உடல்குறையோடு திரும்பினால், அதே வேலையைச் செய்ய ஏற்ற வசதி செய்து கொடுக்க நிறுவனம் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் தகுதியிலும் சம்பளத்திலும் நிகரான வேலை, அதுவும் இல்லாவிட்டால் அதற்கு மிக அருகில் வரும் வேலை. என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று மருத்துவரிடம் வேலைவாரியாக எழுதி வாங்குங்கள். "முழு ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. யூசெரா வழக்குக்குக் கால வரம்பு கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஏ.டி.ஏ. சட்டத்துக்கு உண்டு. வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை வாங்கும் ஈ.ஈ.ஓ.சி. ஆணையத்தில் 180 நாள்களுக்குள், அதற்கென மாநில அமைப்பும் இருக்கும் மாநிலங்களில் 300 நாள்களுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். கூட்டாட்சி வேலைத் தேர்வில் முன்னாள் படையினருக்கான முன்னுரிமை மறுக்கப்பட்டது என்றால் அது வேறொரு சட்டம், அதற்குக் கெடு 60 நாள்கள்தான். காலம் இருக்கிறது என்று ஒன்றை நம்பி மற்ற இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. யூசெராவிலும் மிக அதிகமாகத் தாமதித்தால், சாட்சிகள் போய்விட்டார்கள், ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று நிறுவனம் வாதிட இடம் கொடுக்கிறீர்கள். நீக்கிய முதல் மாதத்துக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

என்ன கிடைக்கும்

வேலை திரும்பக் கிடைக்கலாம், இழந்த சம்பளமும் சலுகைகளும் கிடைக்கும். மன உளைச்சலுக்கு யூசெராவில் இழப்பீடு இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பேச்சுவார்த்தையில் தொகையை நிதானமாகப் பேச முடியும். 2025 ஜனவரி 2 அன்று கையெழுத்தான எலிசபெத் டோல் சட்டம் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. நிறுவனம் தெரிந்தே சட்டத்தை மீறியிருந்தால், இழந்த சம்பளத்தோடு கூடுதலாக அதே அளவு தொகை அல்லது 50,000 டாலர், எது அதிகமோ அது. இழந்த சம்பளத்துக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டி. வென்றவருக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே கொடுக்க வேண்டும். குறைந்த சம்பளக்காரரின் வழக்கை எடுக்கத் தயங்கிய வழக்கறிஞர்கள் இப்போது எடுக்க இது ஒரு காரணம். முன்பு மறுத்தவரிடம் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

"தெரிந்தே" என்பதைக் காட்ட உங்கள் பழைய மின்னஞ்சல்கள் உதவும். சட்டத்தைச் சுட்டிக்காட்டி நீங்கள் எழுதிய கடிதமோ, ஈ.எஸ்.ஜி.ஆர். அலுவலர் அழைத்துப் பேசிய தேதியோ இருந்தால், அதற்குப் பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று நிறுவனம் சொல்ல முடியாது.

இடையில் வேறு வேலையில் சம்பாதித்தது இழப்பீட்டிலிருந்து கழியும். வேலை தேடாமலே இருந்தால் அதுவும் உங்களுக்கு எதிராகப் பேசப்படும். எங்கே எப்போது விண்ணப்பித்தீர்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று அதே எக்ஸெல் கோப்பில் இரண்டாவது தாளாக எழுதிக்கொண்டே வாருங்கள். பழைய வேலையின் கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டிய பங்கு, 401(கே) ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் நிறுவனம் போட்ட தொகை மூன்றையும் அதோடு வையுங்கள். இழப்பைக் கணக்கிடும்போது இவைதான் முதலில் கேட்கப்படும்.